பாம்பு இல்லாத பாம்படம்

பிரிஞ்சாங் பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், ஸ்ட்ராபெரிக் கடைகளுக்கு நடுவே ஒரு பையன் மோதிரங்களைப் பரப்பி வைத்திருந்தான். மண்டையோடு, வௌவால், சவப்பெட்டி, தன் வாலைத் தானே கவ்விய பாம்பு. "எல்லாம் கோத்திக் அண்ணே" என்றான். என்னோடு வந்த அத்தை, கம்போங் ராஜாவில் தேயிலைக் கொழுந்து கிள்ளியே வயதானவர், பாம்பு மோதிரத்தை எடுத்து விளக்கொளியில் திருப்பிப் பார்த்தார். "உங்க ஆச்சி காதுல கெடந்ததும் பாம்புதான்டா. ஆனா அதுல பாம்பு இருக்காது" என்று சொல்லிவிட்டு மோதிரத்தைத் திரும்ப வைத்தார்.

அவர் சொன்னது பாம்படத்தை. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பக்கத்துக் கிழவிகளின் தோளைத் தொட்டுத் தொங்கிய காதணி அது. தங்கத் தகட்டைச் சதுரக் கட்டியாகவும் உருண்டையாகவும் மடித்துச் சேர்த்து, உள்ளே அரக்கை அடைத்துச் செய்வார்கள். கண் கிடையாது, நாக்கு கிடையாது, செதிலும் கிடையாது. கணக்கு வாத்தியார் வரைந்த உருவங்களைத் தட்டான் பொன்னில் ஒட்டினதுபோல இருக்கும். பிறகு பாம்பு எங்கிருந்து வந்தது?

பெயரில்தான் இருக்கிறது. பாம்பு, படம் என்ற இரண்டு சொற்களின் கூட்டு இது. இலக்கணப்படி சேர்த்தால் 'பாம்புப்படம்' என்றுதான் வரவேண்டும். புவும் பவும் அடுத்தடுத்து வந்து முட்டிக்கொள்ள, அவசரக்கார நாக்கு நடுவில் ஒன்றை விழுங்கிவிட்டது. விழுங்கிய பிறகு எதைச் சேர்த்தோம் என்பதும் பலருக்கு மறந்துபோனது. 'படம்' இங்கே சட்டமிட்டுச் சுவரில் மாட்டும் படம் இல்லை. அந்தச் சுவர்ப்படம் துணியைக் குறிக்கும் சொல்லிலிருந்து, துணியில் தீட்டிய ஓவியத்தின் வழியாக வந்தது. பாம்பு எடுக்கும் படம் வேறு சொல். வடமொழியில் பாம்பின் விரிந்த தலைக்கு 'பட' என்று பெயர். அகராதிக்காரர்கள் நம் படத்தையும் அதனோடுதான் சேர்த்து வைக்கிறார்கள். ஒலி ஒன்றாகிப் பிறப்பு வேறான இரட்டைகள் இவை. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்கலாம்: அம்மன் தலைக்கு மேல் நாகம் எடுத்த படம், சுவரில் அதே அம்மனுக்கு மாலை போட்ட படம்.

இந்தக் கூட்டில் பாம்பை எடுத்துவிட்டு வடமொழிப் பெயரை வைத்தால் நாகபடம். அந்தப் பெயரிலும் நகை உண்டு. கேரளத்து நாகபடத்தாலியில் பச்சைக் கல் பதித்த பதக்கம் ஒவ்வொன்றும் படமெடுத்த தலையாகவே கோத்திருக்கும். அதில் பெயருக்கும் உருவுக்கும் சண்டையே இல்லை. பின்னலில் வைக்கும் சடைநாகத்திலும், தோளை வளைத்துப் பிடிக்கும் நாகொத்திலும் பாம்பு பாம்பாகவே கிடக்கும். பாம்படத்தில்தான் உரு கரைந்து பெயர் மட்டும் நின்றுவிட்டது.

நாகம் கடல் தாண்டியும் வந்திருக்கிறது. மலாயில் பாம்புக்கு 'ஊலார்' என்று பெயர். 'நாகா' என்றால் டிராகன் என்னும் பறக்கும் பெரும்பூதம், சீனப் புத்தாண்டில் ஆடி வருமே அது. எங்கள் பக்கத்து வீட்டு மலாய்க்காரரிடம் நாகபடம் என்று சொன்னால் அவர் மனத்தில் நெருப்புதான் எழும். ராஜா என்ற சொல்லோ எந்த மாற்றமும் இல்லாமல் கம்போங் ராஜா என்ற ஊர்ப்பெயரில் வந்து உட்கார்ந்துகொண்டது. சொற்களுக்குள்ளும் அதிர்ஷ்டக்காரர்கள் உண்டுபோல.

அந்தப் பையன் சொன்ன 'கோத்திக்' இதைவிடப் பெரிய ஊர்சுற்றி. கோத்துகள் ரோமப் பேரரசோடு மோதிய ஒரு ஜெர்மானியக் கூட்டம். அவர்கள் காலம் முடிந்து பல நூறு ஆண்டுகள் கழித்து, 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் கூர்வளைவுக் கட்டடங்களை நாகரிகமற்றவை என்று இகழ இந்தப் பெயரைத் தொடுத்தார்கள். 1764இல் ஹொரேஸ் வால்போல் பேய்க்கோட்டைக் கதை ஒன்றை எழுதினார். அடுத்த பதிப்பில் அதைக் 'கோத்திக் கதை' என்று அழைத்தார். அங்கிருந்துதான் கறுப்பும் கல்லறையும் சொல்லுக்குள் நுழைந்தன. 1970களின் இறுதியில் பிரிட்டிஷ் இசைக் குழுக்கள் அதை எடுத்து உடையாகவும் நகையாகவும் போட்டுக்கொண்டன. மண்டையோட்டு மோதிரத்துக்கும் அந்தப் பழைய கூட்டத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அங்கே உருவம் கத்துகிறது, பெயர் எங்கோ அலைகிறது. பாம்படத்தில் உருவம் வாய்மூடி இருக்க, பெயர் மட்டும் பேசுகிறது.

பாம்பு என்றாலே சாவு என்று பிரிட்டனிலும் எப்போதும் நினைத்ததில்லை. விக்டோரியா அரசிக்கு ஆல்பர்ட் கொடுத்த நிச்சயதார்த்த மோதிரம் மரகதம் பதித்த பாம்பு. முடிவில்லாத காதல் என்று பொருள். 1861இல் ஆல்பர்ட் இறந்த பிறகுதான் அரசி கறுப்புக்கு மாறினார். விட்பி ஊரின் கறுப்பு ஜெட் நகைகளுக்கும் கிராக்கி ஏறியது.

எங்கள் பக்கம் சாவு வேறு வழியாகக் காதுக்கு வந்தது. ஈயக் குணுக்கு மாட்டி, பஞ்சு திணித்து, வருடக்கணக்கில் வளர்த்த காது வடிகாது. அதில் ஒன்றும் இல்லையென்றால் மூளிக்காது, அது வசவு. வறுமையில் எதை விற்றாலும் கிழவிகள் காதில் கிடந்ததைத் தொடவிட மாட்டார்கள். "இது நான் காட்டுக்குப் போறதுக்கு" என்பாராம் ஆச்சி. இறுதிக் காரியத்துக்குப் பிள்ளைகள் கடன் வாங்கக் கூடாது என்ற கணக்கு. கிழவி கண்ணை மூடியதும் அந்தத் தங்கத்துக்காகப் பிள்ளைகள் அடித்துக்கொள்வதும் உண்டு. 2023இல் வந்த 'தண்டட்டி' படம் முழுக்க அந்தக் காதைச் சுற்றியே நடக்கிறது. தண்டட்டி பாம்படத்துக்குப் பங்காளி நகை.

ஆச்சியின் பாம்படம் காட்டுக்குப் போகவில்லை. செலவைத் தோட்டத்து ஆட்கள் கைக்குக் கை போட்டுப் பார்த்துக்கொண்டார்கள். அத்தை கல்யாணத்தின்போது ஈப்போவில் ஒரு நகைக்கடையில் அதை உருக்கினார்கள். அரக்கு கழிந்தபோது, கனத்தது இவ்வளவுதானா என்று தாத்தா கேட்டாராம். மிஞ்சிய பொன்னில் சின்னதாக ஒரு தோடு. அந்த ரசீதை அத்தை இன்னும் பழைய பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறார். பாம்படம் என்ற சொல் அதில் எங்கும் இல்லை. மலாயில் 'சுபாங்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு ஜோடி என்று போட்டிருக்கிறது.