ஊருக்குக் கேட்ட வீட்டுப் பாட்டு

தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஒரு வீட்டில் சடங்கோ காதுகுத்தோ என்றால், பந்தக்கால் நட்ட கையோடு மைக் செட்காரர் வந்துவிடுவார். சைக்கிள் கேரியரில் ஆம்ப்ளிஃபயர், தோளில் இரண்டு குழாய்கள். ஊர் ‘குழாய்’ என்று சொல்வது கூம்பு ஒலிபெருக்கியை. அதை வீட்டுப் பக்கம் திருப்பி யாரும் கட்டியதில்லை. தென்னையிலோ வேம்பிலோ ஏறி ஒன்றைக் கிழக்கே பார்க்கவும் இன்னொன்றை மேற்கே பார்க்கவும் கட்டுவார்கள். சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டில் தொடங்கி, ‘பாசமலர்’ படத்துக் கல்யாணப் பாட்டுக்கு வந்து, சில ஊர்களில் இன்னார் இவ்வளவு மொய் என்று வாசிப்பது வரை எல்லாம் அந்தக் குழாய் வழியாகவே போகும். பந்தலுக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்காக அந்தப் பாட்டு போடப்படவில்லை. இன்னும் வந்து சேராதவர்களுக்காகப் போடப்பட்டது. பக்கத்து வீட்டாருக்குத் தொந்தரவு இல்லாமல் வீட்டில் பாட்டுப் போடுவது எப்படி என்று அந்த வீட்டுக்காரரிடம் கேட்டிருந்தால் கேள்வியே அவருக்கு விளங்கியிருக்காது. பக்கத்து வீட்டாருக்குக் கேட்கவில்லை என்றால் செட்டுக்குக் கொடுத்த காசு தண்டம். நம் ஊரில் வீட்டுப் பாட்டு தொந்தரவாக மாறிய கதையைச் சத்தம் கூடிய கதையாகவே பலரும் சொல்கிறார்கள். அந்தக் கதை பாதிதான் சரி. கேட்பவருக்கு அந்தப் பாட்டில் இருந்த சேதி தீர்ந்துபோனது மறுபாதி. வரலாறு அந்த மறுபாதியில்தான் இருக்கிறது.

இந்த வழக்கம் மின்சாரத்தோடு வந்ததில்லை. தாலி ஏறும் நொடியில் தவிலும் நாகசுரமும் உச்சத்துக்குப் போகும் கெட்டிமேளத்துக்கு வழக்கமாகச் சொல்லும் காரணம், தும்மல், அழுகை போன்ற அபசகுன ஒலி காதில் விழாமல் மூடுவது. அதோடு கூடவே இன்னொரு வேலையும் நடந்தது: அடுப்படியில் இருப்பவருக்கும் தெருக்கோடியில் நிற்பவருக்கும் தாலி ஏறிவிட்டது என்று தெரிந்தது. நாகசுரம் திறந்தவெளிக்கென்றே அமைந்த வாத்தியம். நாலு சுவருக்குள் அருகிலிருந்து கேட்டால் காது தாங்காது. பறையில் சாவுக்கு அடிக்கும் அடி வேறு, திருவிழாவுக்கு அடிக்கும் அடி வேறு. அடியை வைத்தே ஊர் சேதியைப் படித்தது. வீட்டில் நடப்பதை ஊருக்குச் சொல்லும் கடமை ஒலிக்கு இருந்தது. அந்தக் கடமை இருந்தவரை அதன் உரப்பு குறையாக எண்ணப்படவில்லை.

இயந்திரம் வந்தபோதும் இது உடனே மாறவில்லை. 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் உள்ளிட்டோரின் குரல்களை கிராமபோன் கம்பெனி பதிவு செய்தது. 1930களுக்குள் கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் இசைத்தட்டுகள் தமிழ் வீடுகளுக்குள் வந்துவிட்டன. சாவி கொடுத்துச் சுழலவிடும் அந்தப் பெட்டியில் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் குமிழ் கிடையாது. ஆனால் முள் இருந்தது. மெல்லிய ஒலிக்கு ஒரு வகை, நடுத்தரத்துக்கு ஒரு வகை, உரத்த ஒலிக்குத் தடித்த ஒரு வகை என்று எஃகு முட்களைத் தகரச் சிமிழ்களில் அடைத்து விற்றார்கள். மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும் தட்டின் ஒரு பக்கம் முடிந்ததும் முள்ளை மாற்ற வேண்டும். ஆக, ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் எவ்வளவு சத்தம் என்று கையால் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தது. இன்றைய ரிமோட்டில்கூட அவ்வளவு யோசனைக்கு இடம் இல்லை.

வானொலி இன்னும் வெளிப்படையாகத் தெருவின் பொருளாகவே பிறந்தது. 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முதலியோர் தொடங்கிய மதராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் பண நெருக்கடியில் 1927இல் நின்றுபோயிற்று. சென்னை மாநகராட்சி அதன் கருவியை எடுத்துக்கொண்டு 1930 ஏப்ரல் முதல் ஒலிபரப்பியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்றுதான் தொடங்கியது. வீட்டில் ரேடியோ வைக்கத் தபால் அலுவலகத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டி உரிமம் வாங்க வேண்டும். அந்த முறை 1980களின் நடுப்பகுதி வரை நீடித்தது. உரிமம் ஒரு வீட்டுக்கு, கேட்பவர்கள் தெரு முழுக்க. பெட்டி இல்லாத வீடுகளுக்குப் பஞ்சாயத்து ரேடியோ இருந்தது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் திரைப்பாடலைக் கீழாகக் கருதி வானொலியில் ஒடுக்கியபோது, தமிழ்நாட்டு வீடுகளும் டீக்கடைகளும் இலங்கை வானொலிக்கு முள்ளைத் திருப்பின. டில்லி ஒதுக்கிய பாட்டைக் கொழும்பு வழியாகக் கேட்பதில் ஒரு சின்ன கலகச் சுவையும் இருந்திருக்க வேண்டும். பெட்டி வைத்திருந்தவர் அதைத் திண்ணைப் பக்கம் திருப்பி வைத்தது பெருமைக்காகவும்தான். ஆனால் தெருவுக்கு அதில் பங்கு கிடைத்தது.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும், எழ வேண்டும். ஊர் சேர்ந்து கேட்டது என்று சொல்லும்போது எந்த ஊர், யாருடைய மேளம்? 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையரான ஜே.எச். ஹட்டன் இராமநாதபுரம் பகுதியில் ஆதிதிராவிடர் மீதும் தேவேந்திரகுல வேளாளர் மீதும் ஆதிக்கச் சாதியினர் விதித்த பதினொரு தடைகளைப் பதிவு செய்திருக்கிறார். முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக் கூடாது, பிள்ளைகள் படிக்கக் கூடாது என்ற வரிசையில் ஒன்று: திருமணத்திலும் மற்றக் கொண்டாட்டங்களிலும் மேளம் முதலிய இசை கூடாது. ஒரு சாதிக்குச் சாவுமேளம் அடிப்பது கட்டாய ஊழியம். அதே சாதி தன் வீட்டுக் கல்யாணத்துக்கு மேளம் வைத்தால் குற்றம். அன்றைய ஊரில் ஒலிக்கு டெசிபல் வரம்பு இல்லை, சாதி வரம்பு இருந்தது. இந்தச் சான்று என் வாதத்தை உடைக்கவில்லை, கூர்மையாக்குகிறது. வெறும் சத்தத்துக்கு அஞ்சி யாரும் அந்தத் தடையைப் போடவில்லை. மேளத்தில் இருந்த சேதிக்கு அஞ்சினார்கள். எங்கள் வீட்டிலும் மங்கலம் நடக்கிறது, நீங்களும் கேளுங்கள் என்பதே அந்தச் சேதி. பின்னாளில் அந்த மக்களின் குடியிருப்புகளில் மரத்தின் உச்சியில் குழாய் ஏறியபோது அது எத்தனை பெரிய அறிவிப்பாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். ஆனால் பழைய காலத்தில் எல்லோரும் இசைந்து கேட்டார்கள் என்ற ஏக்கப் பேச்சை இந்தச் சான்று ஒழித்துவிடுகிறது. புகார் இல்லாததற்குச் சம்மதம் மட்டுமே காரணம் அல்ல. பரீட்சைக்குப் படித்த பிள்ளையும் படுக்கையில் கிடந்த நோயாளியும் அன்றும் இருந்தார்கள். சொல்ல இடம் இல்லாததால் சொல்லவில்லை.

இரண்டாவது மறுப்பு எளிமையானது: சத்தம் கூடியது, அதனால் தொந்தரவு கூடியது, இதில் சேதி எங்கே வந்தது? கருவியைத் திறந்து பார்த்தால் விடை கிடைக்கும். கூம்பின் அடியில் உள்ள சிறிய சவ்வின் அதிர்வைக் கூம்பு படிப்படியாகக் காற்றோடு இணைக்கிறது. அதனால் அதே மின்சாரத்தில் பெட்டி ஸ்பீக்கரைவிடப் பல மடங்கு ஒலி கிடைக்கும். ஒரு கார் பேட்டரியை வைத்துக்கொண்டு அடுத்த ஊர் வரை எட்ட முடிந்தது இதனால்தான். ஆனால் சிறிய கூம்பு தாழ்ந்த ஒலிகளைத் தராது. சொல் தெளிவாக வரும், தாளத்தின் அடித்தளம் வராது. சொல்லைச் சுமக்கும் உயர்ந்த ஒலிகளை ஒரு கதவும் ஜன்னலும் ஓரளவு தடுத்துவிடும். இன்றைய வீட்டு ஹோம் தியேட்டரில் கதை தலைகீழ். சப் ஊஃபர் தரும் தாழ்ந்த ஒலிக்குச் சுவர் ஒரு பொருட்டில்லை. தரை வழியாகவும் தளத்தின் வழியாகவும் அடுத்த வீட்டுக்குள் இறங்கும். ஓட்டுவீடுகளுக்கு நடுவில் சந்து இருந்தது, கூரை தனித்தனி. 1961இல் வீட்டுவசதி வாரியமும் 1970இல் குடிசை மாற்று வாரியமும் வந்து அடுக்குக் குடியிருப்புகள் பெருகிய பின், ஒரு வீட்டின் கூரையே மேல்வீட்டின் தரை. பக்கத்து வீட்டாருக்கு இப்போது பாட்டு கேட்பதில்லை. பாடகர் யார், என்ன சொல், என்ன விசேஷம் எதுவும் தெரியாது. தும் தும் என்ற அதிர்வு மட்டும் போய்ச் சேருகிறது. குழாய் ஊரையே எழுப்பியது, ஆனால் ஏன் எழுப்பினோம் என்றும் சொன்னது.

இடையில் கேசட் செய்த வேலையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1980களில் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் வானொலியும் கேசட்டும் சேர்ந்த டூ இன் ஒன் பெட்டியோடு திரும்பினார்கள். பிடித்த பாட்டை நிலையம் போடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரே பாட்டைப் பத்து முறை கேட்கலாம். மைக் செட் ஆண்டுக்கு ஒன்றிரண்டு நாள், காரணத்தோடு வந்தது. கேசட் ஒவ்வொரு நாளும், காரணம் இல்லாமல் ஒலித்தது. என் விருப்பத்துக்கு நான் கேட்பது என்று ஆன பிறகு, அதைக் கேட்கும் பக்கத்து வீட்டுக்காரர் அழைக்கப்பட்டவர் இல்லை, மாட்டிக்கொண்டவர்.

சட்டம் இதை உணர வெகுகாலம் ஆயிற்று. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 268ஆம் பிரிவு பொதுத் தொல்லையை விளக்கியது. 290ஆம் பிரிவில் அதற்கு அபராதம் 200 ரூபாய் வரை இருந்தது. அக்கம்பக்கத்து மக்கள் பொதுவாகப் பாதிக்கப்பட்டால்தான் அது குற்றமாக இருந்தது. சுவருக்கு அப்பால் தூங்க முடியாமல் தவிக்கும் ஒருவர் அந்தக் கணக்கில் வரவில்லை. 1987இல் காற்று மாசுச் சட்டத்தைத் திருத்தியபோதுதான் இரைச்சலும் மாசு என்று எழுதப்பட்டது. 2000 பிப்ரவரியில் வந்த விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை மாதவரம் நெடுஞ்சாலை அருகே கே.கே.ஆர். நகரில் ஒரு ஜெப வீட்டின் ஒலிபெருக்கியும் டிரம்ஸும் பற்றிய வழக்கில், அடுத்தவர் அமைதியைக் குலைத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005 ஜூலை 18 தீர்ப்பு இன்னும் ஆழமானது. அந்த மனு எழுந்த சூழலை நீதிமன்றமே பதிவு செய்திருக்கிறது: பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு சிறுமியின் கூக்குரல், அக்கம்பக்கத்து ஒலிபெருக்கி இசையில் அமிழ்ந்து யாருக்கும் கேட்காமல் போனது. வீட்டின் சேதியை ஊருக்குக் கொண்டு போகவே இருந்த கருவி, ஊருக்குக் கேட்டே ஆக வேண்டிய குரலை மூடிவிட்டது.

2010 திருத்தத்துக்குப் பின் வீட்டுக் கருவிக்கும் நேரடியாக அளவு உண்டு: உங்கள் இடத்தின் எல்லையில் நின்று அளந்தால், அந்தப் பகுதிக்குரிய வரம்பைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. சாதியும் பணமும் பார்க்காத அளவுகோல் என்பதால் நான் இதைப் பழைய ஊர்க் கட்டுப்பாட்டைவிட எத்தனையோ மேலாக மதிக்கிறேன். பண்பாட்டை எண்ணால் அளப்பதா என்று வருந்துபவர்கள் இராமநாதபுரத்துத் தடைகளை ஒருமுறை படிக்கட்டும். குறை வேறிடத்தில் இருக்கிறது. விதியில் உள்ள டெசிபல் மனிதக் காதின் போக்கை ஒட்டித் திருத்திய அளவு. 50 ஹெர்ட்ஸ் அதிர்வில் ஏறத்தாழ 30 டெசிபலைக் கழித்துவிட்டே கருவி எண்ணைக் காட்டும். அடுத்த வீட்டுச் சுவரைத் தாண்டி வரும் தும் தும் பெரும்பாலும் அந்தக் கழிவுக்குள் ஒளிந்துகொள்கிறது. விதியில் சிக்காத அதை நாமேதான் குறைக்க வேண்டும். சுவரில் ஒட்டும் முட்டை அட்டையும் ஸ்பஞ்சும் அறைக்குள் எதிரொலியைத்தான் குறைக்கும், அடுத்த வீட்டுக்குப் போவதைத் தடுக்காது. சப் ஊஃபரைத் தரையிலிருந்து தூக்கி அடியில் கனத்த ரப்பர் வையுங்கள், பொதுச் சுவரை விட்டு நகர்த்துங்கள், கதவின் அடி இடுக்கை அடையுங்கள், இரவு பத்துக்கு மேல் பேஸ் குமிழைப் பாதிக்கும் கீழே இறக்குங்கள். பிறகு பாட்டை ஓடவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, உள்ளே எப்படிக் கேட்கிறது என்று அவர்களிடமே ஒருமுறை கேட்டுவிடுங்கள்.