ஒட்டுக்கிளையும் வேரும்



பால் மரத்துக்கு ஒட்டுக் கட்டுவதைத் தோட்டப்புறத்தில் நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். விதையிலிருந்து வளர்ந்த கன்றின் பட்டையைக் கீறி, நிறையப் பால் தரும் மரத்தின் மொட்டை அதில் பதித்துக் கட்டுவார்கள். ஒட்டுப் பிடித்த பிறகு கன்றின் தலைப்பகுதியை வெட்டிவிடுவார்கள். கீழே இருப்பது சாதாரண மரத்தின் வேர்; மேலே வளர்வது உயர்ந்த இனம். இதுதான் ஒட்டுக் கட்டும் முறை.

ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவர் இம்முறையைத் தலைகீழாக மாற்றி ஓர் உவமை சொன்னார். அவர் ஏன் அப்படிச் சொன்னார்? அதைத்தான் இன்று காண்போம்.

அவர் பெயர் பவுல். யூத குலத்தவர். கி.பி. 57ஆம் ஆண்டளவில் கொரிந்து நகரிலிருந்து ரோமாபுரிக் கிறிஸ்தவர்களுக்கு அவர் கிரேக்க மொழியில் எழுதிய கடிதத்தின் 11ஆம் அதிகாரத்தில் இந்த உவமை வருகிறது. அது ஒலிவ மரத்தைப் பற்றியது.

ஒலிவ மரம் மத்தியதரைக் கடல் நாடுகளின் செல்வம். சமைப்பதற்கும், விளக்கெரிப்பதற்கும், உடம்பில் பூசுவதற்கும் அம்மக்கள் அதன் எண்ணெயையே நம்பியிருந்தனர். காட்டொலிவமும் உண்டு. அதன் காய் சிறியது, எண்ணெய் சொற்பம். ஆகவே உழவர்கள் காட்டு மரத்தின் மேல் நல்ல மரத்தின் கிளையை ஒட்டவைப்பார்கள்.

பவுலின் உவமையிலோ நல்ல ஒலிவ மரத்தில் சில கிளைகள் முறிக்கப்படுகின்றன. அந்த இடத்தில் காட்டொலிவத்தின் கிளை ஒட்டவைக்கப்படுகிறது. நல்ல மரம் இஸ்ரவேல் மக்கள். காட்டுக்கிளை, புதிதாக வந்து சேர்ந்த பிற இனத்தார்.

இதன் காரணத்தை அறிய அன்றைய ரோமாபுரிக்குச் செல்லவேண்டும். கிலவுதியு பேரரசன் கி.பி. 49ஆம் ஆண்டளவில் யூதர்களை அந்நகரை விட்டு வெளியேற்றினான். கூடாரம் செய்து பிழைத்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லா என்ற தம்பதியர் அப்படித்தான் கொரிந்துக்கு வந்து பவுலோடு சேர்ந்து வேலை செய்தனர். 54இல் பேரரசன் இறந்தான். பலர் ஊர் திரும்பினர். அந்தத் தம்பதியரும் திரும்பியதைப் பவுலின் கடிதமே காட்டுகிறது. ஆனால் யூதர் இல்லாத அந்த ஆண்டுகளில் ரோமாபுரியின் கிறிஸ்தவ சபைகள் பிற இனத்தாரின் கைக்குப் போயிருந்தன என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். முதலில் இருந்தவர்கள் விருந்தாளிகள் ஆனார்கள். பின்னால் வந்தவர்கள் வீட்டுக்காரர்கள் ஆனார்கள்!

அவர்களுக்குத்தான் பவுல் எச்சரிக்கை விடுத்தார். முறிந்த கிளைகளைப் பார்த்துப் பெருமை பேசாதே. வேரை நீ தாங்கவில்லை, வேர்தான் உன்னைத் தாங்குகிறது என்பது அவர் கருத்து. முறிந்த கிளைகள் மீண்டும் தம் சொந்த மரத்திலேயே ஒட்டமுடியும் என்றும் அவர் சொன்னார்.

பவுலுக்குத் தோட்டவேலை தெரியாது என்று சொன்னவர்கள் உண்டு. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரிகன் என்ற அறிஞரே, உழவர்கள் செய்வது இதற்கு நேர்மாறு என்று சுட்டிக்காட்டினார். ஆனால் பவுலின் காலத்தவரான கொலுமெல்லா என்ற ரோமானிய வேளாண் நூலாசிரியர், காய்க்காத ஒலிவ மரத்தைத் துளையிட்டுக் காட்டொலிவக் குச்சியைச் செருகும் வழக்கத்தை எழுதியிருக்கிறார். எப்படியாயினும், இது இயற்கைக்கு மாறானது என்பதைப் பவுலே ஒப்புக்கொள்கிறார். உயர்ந்த கிளையை ஒட்டியிருந்தால், என்னால்தான் இந்த மரத்துக்கு மதிப்பு என்று அது பெருமை கொள்ளலாம். காட்டுக்கிளைக்கு அப்படிச் சொல்ல வாயில்லை. அது பெற்றதெல்லாம் வேர் கொடுத்தது.

இந்தப் பாடம் பல நூற்றாண்டுகள் மறக்கப்பட்டது. கிளைகள் முறிந்ததை நினைவில் வைத்தவர்கள் வேரை மறந்தார்கள். 1290இல் இங்கிலாந்தும், 1492இல் ஸ்பெயினும் யூதர்களைத் துரத்தின. இரண்டாம் உலகப் போரின்போது ஏறக்குறைய 60 இலட்சம் யூதர்கள் நாஜிகளால் கொல்லப்பட்டனர். அதன் பிறகு, 1965 அக்டோபர் 28ஆம் நாள், கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட அறிக்கை யூதர்மீதான பகைமையைக் கண்டித்தது. அதில் பவுலின் அதே ஒலிவ மரம் மீண்டும் எடுத்துக்காட்டப்பட்டது.

நேயர்களே, பால் மரத்தின் அடியில் ஒட்டுக் கட்டிய இடம் தழும்பாகத் தெரிவதுண்டு. பாலைப் பார்க்கும் நாம் அந்தத் தழும்புக்குக் கீழே பார்ப்பதில்லை. முன்னே வந்து மண்ணைப் பண்படுத்தியவர்களைப் பின்னே வந்தவர்கள் மறந்துவிடுவது எந்த நாட்டிலும் நடக்கக்கூடியது. நாம் எந்தச் சமயத்தவராக இருந்தாலும், நம்மைத் தாங்கும் வேர் எது என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்போம்.