எல்.எம்.பி. டாக்டர்கள் எங்க போனாங்க?

"எங்க ஊர்ல ஒரு எல்.எம்.பி. டாக்டர் இருந்தார்"னு உங்க தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீங்க. இப்ப அந்தப் படிப்பே கிடையாது. ஏன்னு ஒரு சின்ன த்ரெட்.

எம்.பி.பி.எஸ். பல்கலைக்கழகப் பட்டம். எல்.எம்.பி. அதைவிடக் குறைஞ்ச காலத்துல, மெடிக்கல் ஸ்கூல்ல முடிக்கிற படிப்பு. வேலூர்ல ஐடா ஸ்கடர் 1918ல 17 பெண்களோட ஆரம்பிச்சதே எல்.எம்.பி. பள்ளிதான். ஆண் டாக்டர்கிட்ட காட்டமாட்டோம்னு பிரசவத்துல பெண்களைச் சாகவிட்ட காலம் அது. 1922ல 14 பேர் டாக்டரா வெளிய வந்தாங்க.

1930கள்ல காத்து மாறுச்சு. மெட்ராஸ்ல எல்.எம்.பி. வேணாம், பட்டப்படிப்பு மட்டும் போதும்னு முடிவாச்சு. ராயபுரம் மெடிக்கல் ஸ்கூல் 1938ல ஸ்டான்லி காலேஜ் ஆச்சு. வேலூர் ரொம்பத் திண்டாடித்தான் 1942ல எம்.பி.பி.எஸ்.க்கு மாறுச்சு.

1946ல போர் கமிட்டி அறிக்கை (சண்டை இல்லீங்க, தலைவர் பேரு சர் ஜோசப் போர்). அப்ப நாட்டுல இருந்த டாக்டர்கள் சுமார் 47,500. அதுல கிட்டத்தட்ட 30,000 பேர் எல்.எம்.பி. மாதிரி லைசென்ஸ் படிப்பு படிச்சவங்க. 6,300 பேருக்கு ஒரு டாக்டர். அந்த நிலைமையிலயும் லைசென்ஸ் படிப்பை நிறுத்துங்க, எல்லாருக்கும் ஒரே தரமான டாக்டர்னு கமிட்டி சொல்லுச்சு. இருக்கிற பற்றாக்குறைக்கு இது ஒத்துவராதுன்னு உள்ளேயே சில உறுப்பினர்கள் எதிர்ப்புக் குறிப்பு எழுதினாங்க.

என்னைக் கேட்டா கமிட்டி சொன்னது சரி. கிராமத்துக்கு ஒரு டாக்டர், டவுனுக்கு ஒரு டாக்டர்னு தரம் பிரிக்கக் கூடாது. ஆனா அதே கமிட்டி இன்னொண்ணும் கேட்டுச்சு: அந்த ஒரே டாக்டர் சமூக டாக்டரா இருக்கணும், நோய்த்தடுப்புல 3 மாசம் பயிற்சி வேணும்னு. முதல் பாதியை உடனே பிடிச்சுக்கிட்டோம். ரெண்டாவது பாதி பி.எஸ்.எம்.னு ஒரு பேப்பர் ஆச்சு. பரீட்சைக்கு முந்தின ராத்திரி எப்படிப் படிப்போம்னு டாக்டர்களுக்குத் தெரியும்!

காலியான இடம் காலியாவே இருந்துச்சு. 2001ல சத்தீஸ்கர் மூணு வருஷப் படிப்பு ஆரம்பிச்சுப் பார்த்துச்சு, நீடிக்கல. 2019 என்.எம்.சி. சட்டத்தோட 32ஆம் பிரிவு, டாக்டர் அல்லாதவங்களுக்கும் குறைந்த அளவு மருந்தெழுத லைசென்ஸ்னு வந்தப்ப நாடு முழுக்க டாக்டர்கள் ஸ்ட்ரைக்.

2022ல குடும்பத் தத்தெடுப்புத் திட்டம் வந்துச்சு. முதல் வருஷப் பசங்களே காலேஜ் பஸ்ல கிராமத்துக்குப் போய், ஆளுக்குச் சில குடும்பம்னு எடுத்துக்கிட்டு, பிரஷர் பார்த்து நோட்ல எழுதிட்டு வராங்க. 1946ல கேட்டது இதைத்தான்.