புது கம்ப்யூட்டர் வாங்கியாச்சா? பழையதைக் கொடுத்துவிடும் முன் இவற்றைப் பாருங்கள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. பதிவு செய்துகொள்ளும் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை தொடரும் என்று அறிவித்தது. சரி, விண்டோஸ் 11-க்கு மாறிவிடலாமே என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். பிராசசரும் மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இருக்க வேண்டும். 2017-க்கு முன் வந்த பெரும்பாலான இன்டெல் பிராசசர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. நன்றாக ஓடும் பழைய மெஷினை ஓரங்கட்டிவிட்டுப் பலரும் புதுசு வாங்குவது இதனால்தான்.

புதுசு வாங்குவது சுலபம். பழையதில் இருக்கும் பத்துப் பதினைந்து வருஷத்து ஃபைல்களை என்ன செய்வது?

எப்படி மாற்றுவது?

வீட்டு உபயோகத்துக்கு எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்தான் நல்ல வழி. 'கட்' செய்யாதீர்கள், 'காப்பி' மட்டும் செய்யுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் மூலம் பத்திரமாக இருக்கும். பழைய யுஎஸ்பி 2.0 போர்ட்டில் 200 ஜிபி ஏற ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகலாம், பொறுமை வேண்டும். பென் டிரைவில் கல்யாண வீடியோ மட்டும் ஏறவில்லையா? அது ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கலாம். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் ஏறும். ஆனால் மாற்றும்போது பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

ஒன்டிரைவ் பயன்படுத்துகிறவர்கள் ஃபைலின் பக்கத்தில் இருக்கும் சின்னக் குறியைக் கவனியுங்கள். மேகக் குறி இருந்தால் அந்த ஃபைல் உங்கள் டிஸ்க்கிலேயே இல்லை, இணையத்தில்தான் இருக்கிறது. டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டினால் பெயர் தெரியும், உள்ளே ஒன்றும் இருக்காது. இலவசக் கணக்கில் 5 ஜிபிதான் இடம் என்பதால் மொத்தத்தையும் அங்கே ஏற்றிவிடலாம் என்ற கணக்கும் சரிவராது.

தமிழ் ஃபைல்கள் ஏன் ஜிலேபி ஆகின்றன?

வழக்கமான வழிகாட்டிகள் சொல்லாத விஷயம் இது. யூனிகோட் பரவுவதற்கு முன் பாமினி, வானவில், டாம், டாப் என்று ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டச்சு செய்தோம். (இந்திக்காரர்களுக்கு கிருதி தேவ் எப்படியோ அப்படி.) தமிழக அரசே 1999-ல் டாம், டாப் முறைகளை ஏற்று, 2010-ல்தான் யூனிகோடுக்கு மாறியது. அந்தப் பழைய ஃபைல்களுக்குள் இருப்பது உண்மையில் தமிழ் எழுத்து அல்ல. பாமினியை எடுத்துக்கொண்டால், உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான். அவற்றைத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு. புது மெஷினில் அந்த எழுத்துரு இல்லை என்றால் அப்பாவின் கடிதம், சங்கத்தின் தீர்மானப் புத்தகம், தட்டச்சு செய்து வைத்த குடும்ப வரலாறு எல்லாம் கிறுக்கலாகத் தெரியும்.

பதற வேண்டாம், ஃபைல் கெடவில்லை. வேர்டில் திறந்து அந்த வரியில் கர்சரை வைத்தால், மேலே எழுத்துருவின் பெயர் அப்படியே இருக்கும். பழைய மெஷினில் சி டிரைவ், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்ற ஃபோல்டருக்குள் அதே பெயரைத் தேடி எடுத்து, புதியதில் இன்ஸ்டால் செய்தால் தமிழ் திரும்பிவிடும். இதற்காகவே பழைய மெஷின் கையில் இருக்க வேண்டும். முக்கியமானவற்றை அங்கேயே பிடிஎஃப் ஆகவும் சேமித்துவிடுங்கள், எழுத்துரு இல்லாமலும் படிக்கலாம். யூனிகோடுக்கு மாற்ற என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவிகள் உண்டு. இடையில் ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவற்றையும் சேர்த்து உருத்தெரியாமல் மாற்றிவிடும், ஒருமுறை கண்ணோட்டம் விட வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாதவை

பெரும்பாலான பிரவுசர்களில் சேமித்த பாஸ்வேர்டுகள் ஃபோல்டரைக் காப்பி செய்வதால் வராது. அவை பழைய விண்டோஸ் கணக்கோடு பூட்டப்பட்டவை. பிரவுசரின் சிங்க் வசதி வழியாகக் கொண்டுவாருங்கள். வீட்டிலேயே கடைக்கணக்கை டாலியில் பார்ப்பவர்கள் அதற்குள்ளேயே பேக்கப் எடுத்து, பழைய மெஷினில் லைசென்ஸை 'சரண்டர்' செய்த பிறகு புதியதில் ஆக்டிவேட் செய்ய வேண்டும்.

புது கம்ப்யூட்டரில் இன்னொன்று. விண்டோஸ் 11 பல மெஷின்களில் டிஸ்க்கைத் தானாகவே என்க்ரிப்ட் செய்துவிடுகிறது. மெஷின் பழுதானால் 48 இலக்க ரெகவரி கீ இல்லாமல் டிஸ்க்கைத் திறக்க எந்தக் கடைக்காரராலும் முடியாது. அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். இன்றே பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

பழையதை எப்போது கொடுக்கலாம்?

இரண்டு பக்கமும் ஃபோல்டரின் பிராபர்ட்டீஸைத் திறந்து, ஃபைல் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வருஷத்துக்கு ரெண்டு ஃபைல் வீதம் திறந்தும் பாருங்கள். ஒரு மாசமாவது பழைய மெஷின் வீட்டில் இருக்கட்டும். வரித் தாக்கல் நெருங்கினால் அதுவரைக்கும். அதன் பிறகு 'ரீசெட்' செய்யும்போது எல்லாவற்றையும் நீக்கு என்பதோடு, டிஸ்க்கைச் சுத்தம் செய்யும் தேர்வையும் சேர்த்துக் கொடுங்கள். வெறுமனே டெலீட் செய்த ஆதார், பான் நகல்களைச் சாதாரண மென்பொருளை வைத்தே மீட்டுவிடலாம். ஓடாத மெஷின் என்றால் பழைய இரும்புக் கடைக்குப் போட வேண்டாம்: 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளின்படி அது பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்குப் போக வேண்டும். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளத் தடையில்லை.