ஒரு குழல், இரண்டு விசை



அண்மையில் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் நூலகப் புத்தகத்திலிருந்த பழைய ரைபிள் படமொன்றைக் காட்டி, "ஐயா, குழல் ஒன்றுதானே, விசை மட்டும் ஏன் இரண்டு?" என்று கேட்டான். அக்கேள்வியே இப்பதிவுக்கு வித்து.

சாதாரணத் துப்பாக்கியில் வலிய ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் நிற்கும் கொக்கியை விரலே இழுத்து விடுவிக்க வேண்டும். அவ்வாறு இழுக்கையில் துப்பாக்கி சற்றே அசையும்; குறியும் தவறும். இக்குறையைப் போக்க எழுந்ததே 'செட் டிரிகர்' என்னும் ஆயத்த விசை. இரண்டு விசைகளுள் ஒன்றை முதலில் இழுத்தால் உள்ளே ஒரு சிறு நெம்புகோல் தனி ஸ்பிரிங்கின் வலிமையோடு பூட்டப்பட்டு நிற்கும். பிறகு மற்ற விசையை மெல்லத் தொட்டாலே போதும். நெம்புகோல் பாய்ந்து கொக்கியைத் தட்டிவிடும். வேலையை ஸ்பிரிங் செய்கிறது. விரல் ஆணை மட்டுமே இடுகிறது.

இவ்வமைப்பு முதலில் ஐரோப்பியக் குறுக்குவில்லில் தோன்றியது. பின்னர் ஜெர்மானிய வேட்டைத் துப்பாக்கிகளுக்கு வந்தது; அங்கிருந்து குடியேறிய கொல்லர்களோடு அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குச் சென்றது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் செயிண்ட் லூயிஸ் நகரின் ஹாக்கன் உடன்பிறப்புகள் செய்த ரைபிள்களிலும் இது இடம்பெற்றது.

இதன் நன்மை தெளிவு. நின்று நிதானித்து ஒரே குண்டில் தொலைவான இலக்கை அடிப்பவருக்கு இதைவிட நல்ல துணையில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862ஆம் ஆண்டு ஹைராம் பெர்டானின் குறிசுடும் படையினர் இரட்டை விசை பொருத்திய ஷார்ப்ஸ் ரைபிள்களைப் பெற்றனர். ஆனால், அதே போரில் காலாட்படையின் பெரும்பான்மையோர் ஏந்திய ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கிக்கு ஒற்றை விசையே இருந்தது.

ஏன் எல்லாருக்கும் தரவில்லை? இங்குதான் தீமைகள் தலைகாட்டுகின்றன. பூட்டிய விசை ஓர் அதிர்ச்சியிலோ, குளிரில் மரத்த விரல் பட்டோ வெடித்துவிடலாம். நெரிசலில் ஓடும் வீரனுக்கு அது பேராபத்து. நுண்ணிய உறுப்புகள் மிகுதி. செலவும் பழுதும் மிகுதி. சுட வேண்டாம் என்று மனம் மாறினால், பூட்டிய விசையை மறவாமல் தளர்த்தவும் வேண்டும்.

இக்கத்தியின் மறுமுனையைக் காட்டும் நிகழ்வொன்று, ரைபிளில் அன்று, கைத்துப்பாக்கியில் நடந்தது. 1804 ஜூலை 11 அன்று நியூ ஜெர்சியின் வீஹாக்கனில் அலெக்சாண்டர் ஹாமில்டனும் துணை அதிபர் ஆரன் பர்ரும் இருவர் போர் புரிந்தனர். மெல்லிய விசையைப் பூட்டவா என்று துணையாளர் பெண்டில்டன் கேட்க, இம்முறை வேண்டாம் என்றாராம் ஹாமில்டன். அவருடைய குண்டு பர்ரைத் தாண்டி மரக்கிளையில் பட்டது. பர்ரின் குண்டோ அவர்மீது பாய்ந்தது. மறுநாள் அவர் மறைந்தார். 1976இல் அத்துப்பாக்கிகளை ஆராய்ந்தபோது அவற்றுள் மறைவான மெல்விசை இருப்பது வெளிப்பட்டது. ஹாமில்டன் வேண்டுமென்றே குறிதவறச் சுட்டாரா, விசை முந்திக்கொண்டதா என்னும் வழக்கு இன்றும் தீரவில்லை.

எய்த அம்பு திரும்பாது என்பர் நம் முன்னோர். கனமான விசை குறியைக் கெடுக்கிறது. ஆயினும், அக்கனம்தான் மனிதனுக்கு மறுசிந்தனைக்கு ஒரு நொடியைத் தருகிறது. மெல்விசை குறியைக் காக்கிறது. அந்த நொடியை எடுத்துக்கொள்கிறது. எனவே, அதைப் பூட்டும் முன்பே முடிவெடுத்திருக்க வேண்டும்.

மாணவனிடம் இவ்வாறே சொன்னேன். "அப்படியென்றால் முதல் விசை யோசிக்கத்தானே, ஐயா?" என்றான். நான் அவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டேன்.