கூண்டும் குற்றவுணர்வும்: நான்கு கேள்விகளின் அரசியல்

குடிநோயாளியைக் கண்டுபிடிக்க நான்கு கேள்வி போதும் என்றார் அமெரிக்க மனநல மருத்துவர் ஜான் யூவிங். குடியைக் குறைக்கணும்னு நினைச்சதுண்டா? மற்றவர்கள் குறை சொன்னால் எரிச்சல் வருதா? குடிப்பதற்காகக் குற்றவுணர்வு உண்டா? காலையில் எழுந்ததும் நடுக்கம் தீர ஒரு மடக்கு தேவைப்படுதா? இரண்டுக்கு ‘ஆமாம்’ என்றாலே மருத்துவர் உஷாராகிவிடுவார். 1984இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் யூவிங் இதைப் பற்றி எழுதினார். கேள்விகளின் முக்கியச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘கேஜ்’ என்று வரும். ஆங்கிலத்தில் கூண்டு. இந்தப் பெயரை வெறும் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை.

இதே காலத்தில் இன்னொரு வரலாறும் நடந்துகொண்டிருந்தது. 1970இல் நியூயார்க்கில் போர் எதிர்ப்பு அணியைச் சேர்ந்த வியத்நாம் படைவீரர்கள் வட்டமாக உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். ராபர்ட் லிஃப்டன், ஹைம் ஷாடன் என்ற மனநல மருத்துவர்கள் கூட இருந்தார்கள். தங்களுக்கு நேர்ந்ததை மட்டுமல்ல, தாங்கள் செய்ததையும் அவர்கள் பேசினார்கள். 1968இல் வந்த உளநோய்க் கையேட்டின் இரண்டாம் பதிப்போ, முந்தைய பதிப்பில் இருந்த போர்க்கால உளநெருக்கடி என்ற வகையையே நீக்கியிருந்தது. நெடிய போராட்டத்துக்குப் பிறகு, 1980இல் மூன்றாம் பதிப்பில் ‘பேரதிர்ச்சிக்குப் பிந்தைய உளநெருக்கடி’ இடம்பெற்றது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1980இன் வரையறையில் குற்றவுணர்வும் ஓர் அறிகுறி: மற்றவர்கள் சாகத் தான் மட்டும் பிழைத்தது பற்றி, பிழைப்பதற்காகச் செய்தவை பற்றி. 1987இல் வரையறையைத் திருத்தியபோது அதை எடுத்துவிட்டார்கள். 2013இன் ஐந்தாம் பதிப்பில்தான் அது திரும்ப வருகிறது. இடைப்பட்ட அந்த 26 ஆண்டுகளில் அதிர்ச்சியின் வரையறையில் குற்றவுணர்வு இல்லை. குடியின் வினாப்படிவத்தில் இருந்தது. கிராமத்தைக் கொளுத்தியவனிடம், குடிச்சதுக்கு வருத்தப்படுறியா என்று கேட்டார்கள். கொளுத்தப்பட்ட கிராமத்து வியத்நாமியர் எந்தப் படிவத்திலும் இல்லை.

இது சொல் விளையாட்டல்ல, பணமும் இதில் இருக்கிறது. அமெரிக்காவின் படைவீரர் நலத்துறை குடியை இரண்டாகப் பிரித்தது. உளநோயின் விளைவாக வந்த குடி என்றால் மன்னிப்பு உண்டு. தானாக வந்த ‘முதன்மைக் குடி’ என்றால் அது வேண்டுமென்றே செய்த ஒழுக்கக்கேடு. குடிநோயால் படிப்பு உதவியின் காலக்கெடுவைத் தவறவிட்ட இரு முன்னாள் வீரர்களின் ட்ரெய்னர் வழக்கில், இந்த விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1988இல் 4-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

அதே 1988இல் வெளிவந்த தேசிய ஆய்வு, வியத்நாமில் பணியாற்றிய ஆண்களில் 30.9 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்த உளநெருக்கடி இருந்ததாக மதிப்பிட்டது. அந்நோய் உள்ள ஆண்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்குக் குடிப்பிரச்சினையும் இருந்திருக்கிறது. ஆக எது முதலில் வந்தது, கெட்ட கனவா குட்டியா என்பதில் ஒருவனின் சோறு தொங்குகிறது. ‘கேஜ்’ சோதனையோ எப்போது என்று கேட்பதில்லை, ஏன் என்றும் கேட்பதில்லை. கேட்பது அதன் வேலையுமல்ல. சில நிமிடத்தில் சந்தேகத்தைக் கிளப்பச் செய்த கருவி அது. அதைத் தீர்ப்பாக வாசிக்கும் கைதான் ஆபத்து.

1990இல் நாடாளுமன்றம் குடியால் வந்த ஊனத்துக்கு இழப்பீடு கிடையாது என்று சட்டமியற்றியது. 2001இல் ஆலன் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு கதவைத் திறந்தது: படைப்பணியால் வந்த உளநோயின் விளைவே குடி என்று மருத்துவச் சான்று தெளிவாகக் காட்டினால் இழப்பீடு உண்டு. நிரூபிக்கும் சுமை நோயாளியின் தலையில்.

பரிசோதனை மனிதரை ஒரு ‘கேஸ்’ ஆக மாற்றுகிறது என்றார் ஃபூக்கோ. வட்டமாக உட்கார்ந்தவர்கள் கேஸ்களாக இருக்க மறுத்தார்கள். யார் எங்களை அனுப்பியது என்று திருப்பிக் கேட்டார்கள். நோயின் பெயர் அவர்களுக்குக் கிடைத்தது, பலருக்கு அது உதவியும் செய்தது. அந்தக் கேள்விக்கு மட்டும் எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.