எழுதல் தடுப்பும் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரமும்

எழுதல் தடுப்பு என்பது நினைவகத்திலோ தேக்ககச் சாதனத்திலோ உள்ள தரவை மாற்றவும் அழிக்கவும் இயலாதபடி காக்கும் ஏற்பாடாகும். இந்தியாவில் இது பெருந்திரளான மக்களைத் தொடும் இடம் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் ஆகும். 2008 தொகுதி மறுசீரமைப்பில் உருவான நெய்வேலி சட்டமன்றத் தொகுதி, தனது முதல் தேர்தலான 2011 முதல் இவ்வியந்திரத்திலேயே வாக்களித்து வருகிறது. மின்வசதி இல்லாத சிற்றூர்களுக்கும் ஏற்றதாக வடிவமைக்கப்பட்டதால், அனல்மின் நிலையங்கள் உள்ள நெய்வேலியிலும் இது மின்கலத்தில்தான் இயங்குகிறது.

பழைய முறைகள்

காந்த நாடாச் சுருள்களின் காலத்தில், சுருளின் பின்புறம் ஒரு வளையம் பொருத்தப்பட்டிருந்தால் மட்டுமே எழுத முடிந்தது. ஒலிநாடா கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள சிறு தகட்டை உடைத்துவிட்டால் அதில் பதிவு செய்ய இயலாது. 5.25 அங்குல பிளாப்பியின் பக்கவாட்டு வெட்டை ஒட்டுத்தாளால் மூடினர், 3.5 அங்குல பிளாப்பியில் நகரும் தாழ் வந்தது. இவை தவறுதலாக அழிவதைத் தடுக்குமே தவிர, வேண்டுமென்றே மாற்றுபவரைத் தடுக்காது. உடைத்த தகட்டின் இடத்தில் ஒரு துண்டு ஒட்டுத்தாள் போதும், கேசட்டில் மீண்டும் பதியலாம்.

இதற்கு மாறானது ஒருமுறை மட்டுமே எழுதத்தக்க சில்லு. தொடக்ககாலச் சில்லுகளில் மெல்லிய இணைப்புகள் மின்னோட்டத்தால் எரிக்கப்பட்டன. சில்லில் நிரலை ‘எரித்தல்’ என்னும் வழக்கு இதிலிருந்து வந்தது.

இந்திய இயந்திரத்தில்

மின்னணு வாக்குப்பதிவு இயந்திரங்களை பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் ஐதராபாத்தின் எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா நிறுவனமும் தயாரிக்கின்றன. பாரத் எலெக்ட்ரானிக்சில் இதன் உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றியவர், சுஜாதா என்ற பெயரில் எழுதிய எஸ். ரங்கராஜன். 1982 இல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் இயந்திரம் முதன்முதலாகப் பயன்பட்டது. சட்டத்தில் இடமில்லை எனக் கூறி 1984 இல் உச்ச நீதிமன்றம் அவ்வாக்குப்பதிவை ஏற்க மறுத்தது. பின்னர் சட்டம் திருத்தப்பட்டது. 2001 இல் தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தலிலும், 2004 இல் நாடு முழுவதும் மக்களவைத் தேர்தலிலும் இயந்திரம் பயன்பட்டது.

இயந்திரத்தில் இருவகை நினைவகம் தேவைப்படுகிறது. நிரல் உள்ள பகுதி ஒருமுறை எழுதியபின் மாறக் கூடாது. வாக்குகளைச் சேர்க்கும் பகுதியோ ஒவ்வொரு தேர்தலிலும் அழிக்கப்பட்டுப் புதிதாக எழுதப்பட வேண்டும். முதற்பகுதியைச் சில்லின் அமைப்பே காக்கிறது. இரண்டாவதை நடைமுறையே காக்கிறது: முகவர்கள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு, அதன் முடிவுகளை அழித்தல், வாக்குப்பதிவு முடிந்ததும் ‘மூடு’ பொத்தானை அழுத்துதல், முத்திரையிடல். அப்பொத்தானுக்குப் பின் இயந்திரம் புதிய வாக்கை ஏற்காது.

எழுந்த கேள்விகள்

2010 இல் ஹரி பிரசாத், ஜே. அலெக்ஸ் ஹால்டர்மேன், ரோப் கோங்கிரைப் உள்ளிட்ட ஆய்வாளர்கள், நினைவகச் சில்லின் மீது சிறு கருவியைப் பொருத்திச் சேமித்த வாக்குகளை மாற்ற முடியும் எனச் செய்துகாட்டினர். நிரலை மாற்ற முடியாதபடி பூட்டுவதோடு படிக்கவும் முடியாதபடி பூட்டினால், உள்ளே இருப்பது சரியான நிரல்தானா என்பதை யாரும் சோதிக்க இயலாது என்பதும் அவர்கள் சுட்டிய குறை. முத்திரைகளும் காவலும் இருப்பதால் இயந்திரத்தை எவரும் அவ்வாறு அணுக முடியாது என்பது தேர்தல் ஆணையத்தின் நிலைப்பாடு.

வாக்காளர் சரிபார்ப்புக்குரிய காகிதத் தணிக்கைச் சீட்டு 2013 இல் நாகாலாந்தின் நோக்சென் தொகுதியில் அறிமுகமானது. காகிதத்தில் அச்சானதை மின்முறையில் திருத்த முடியாது. அவ்வகையில் அதுவும் ஓர் எழுதல் தடுப்பே.

2024 ஏப்ரல் 26 அன்று உச்ச நீதிமன்றம், முழுமையாக வாக்குச்சீட்டுக்குத் திரும்பும் கோரிக்கையை ஏற்கவில்லை. ஆயினும் இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர்கள் முடிவு வெளியான 7 நாட்களுக்குள் கோரினால், 5 விழுக்காடு இயந்திரங்களின் எரிக்கப்பட்ட நினைவகத்தைச் சோதிக்க வழிசெய்தது. 2025 பிப்ரவரியில், சோதனையின்போது தரவை அழிக்கவோ மீண்டும் ஏற்றவோ வேண்டாம் என ஆணையத்திடம் கூறியது. சோதிப்பவரும் எழுதக் கூடாது, படிக்க மட்டுமே வேண்டும் என்பதே இதன் சாரம். மாற்ற முடியாமையும் சரிபார்க்க முடிவதும் சேர்ந்தால்தான் எழுதல் தடுப்பு வாக்காளரின் நம்பிக்கையைக் காக்கும்.